எழுபத்து நாலாவது கேள்வி

இரண்டாவது மாடி சிதம்பரநாதன் மகள் ஆதிரை கல்யாணத்துக்கு நூற்றுப் பதினெட்டு கேள்விகள். ஒரே மாலையில் நூற்றுப் பதினேழுக்குத் தடங்கலில்லாமல் பதில் சொல்லிவிட்டார்கள். மிச்சம் ஒன்று இருந்தது பாருங்கள், அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அந்த மாலை நான் அங்கே இருந்தது தற்செயல். குக்கர் வெயிட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கொடுத்தேன். உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தேன். இதில் என் தப்பு என்ன இருக்கிறது?

உறையூரில் இப்போது கல்யாணத்துக்கென்று யாரும் அலைவதில்லை. படிவம் நிரப்புகிறார்கள். நிரப்பி அனுப்பியதும் மிஷின் அந்தக் கல்யாணத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, யார் யாருக்கு எந்தத் துண்டோ அவரவர் போனுக்கு அனுப்பிவிடும். சமையல்காரருக்கு அவர் வேலை, பூக்காரருக்கு அவர் வேலை. உறவுக்காரர்களையும் விடாது. ‘சனி காலை ஏழு பத்து, ஜங்ஷனில் நான்கு பேரை அழைத்து வரவும்’ என்று மாமாவுக்குப் போகும். மாமா முடியாது என்றால் அது அழாது, கெஞ்சாது. அடுத்த மாமாவைத் தேடும்.

இதை நடத்துகிறவள் எங்கள் கட்டடத்து மூன்றாவது மாடி ஜெசிந்தா. கம்பெனி பெயர் ‘ஏற்பாடு’. முன்பு முப்பது பேரை வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பாள். இப்போது ஏழு பேர்தான், மீதி வேலையைப் படிவம் பார்த்துக்கொள்கிறது. அவள் குரல் இனிமையாகிவிட்டது. போன இருபத்து மூன்று பேர் குரல் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அன்று அவள்தான் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு கேள்விகளை வாசித்தாள்.

“எழுபத்து மூணு. சாம்பார்ல சின்ன வெங்காயமா, பெரிய வெங்காயமா?”

“சின்னது” என்றார் சிதம்பரநாதன்.

“எழுபத்து நாலு. யார் கோவிச்சுக்குவாங்க?”

சிதம்பரநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என்னம்மா கேள்வி இது?”

“படிவத்துல இருக்கு சார். அறுநூத்திச் சொச்சம் கல்யாணம் பண்ணிட்டோம். யாருமே கோவிச்சுக்காத கல்யாணம்னு ஒண்ணுகூட இல்ல. சராசரியா நாப்பது நிமிஷம் அதுல போகுது. லாரி லேட், மழை, கரண்ட் கட் எல்லாத்தையும் அலசிப் பார்த்த மிஷின், ‘இதுக்கும் ஆள் போடுங்க’ன்னு சொல்லிடுச்சு. கோவமும் ஒரு வேலைதான் சார், பந்தி மாதிரி. நாம நேரம் ஒதுக்கலைன்னா அதுவே எடுத்துக்கும்.”

“எங்க குடும்பத்துல அப்படி யாரும் கிடையாது. ‘இல்லை’ன்னு போட்டுடு.”

ஜெசிந்தா போட்டாள். கட்டம் சிவந்தது. “‘இல்லை’யை ஏத்துக்க மாட்டேங்குது சார். இதுவரைக்கும் உண்மையா யாரும் சொன்னதில்லையாம்.”

சமையலறையிலிருந்து செண்பகத்தின் குரல் வந்தது. சிதம்பரநாதனின் மனைவி. அவள் அதிகம் பேச மாட்டாள், பேசினால் ஒரே போடு. “உங்க அண்ணன் பேரைச் சொல்றதுக்கு என்ன?”

விஷயம் இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. அண்ணன் திருஞானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன நேரத்தில் குடும்பத்தை நிற்க வைத்து குரூப் போட்டோ எடுத்துவிட்டார்கள். அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து பார்க்கிறார், போட்டோக்காரன் லென்ஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறான். “நான் இல்லையேடா” என்றிருக்கிறார். தம்பி யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தவர், திரும்பிக்கூடப் பார்க்காமல், “அதனால என்னண்ணா” என்றிருக்கிறார்.

அந்த ‘அதனால என்ன’தான். போட்டோகூட இரண்டாம் பட்சம். அன்றிலிருந்து நாலு தெரு தள்ளியிருக்கிற அண்ணன், மார்க்கெட்டில் தம்பியைப் பார்த்தால் வெண்டைக்காயைப் பாதியில் விட்டுவிட்டு எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்.

சிதம்பரநாதன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். “ஆதிரையை எல்.கே.ஜி.லேருந்து பத்தாவது வரைக்கும் ஸ்கூட்டர்ல கொண்டு விட்டவர் அவர். அவர் வராம நான் எப்படி மேடையில உக்கார்றது? உன் மிஷினுக்குத் தெரிஞ்சா ஏதாவது பண்ணச் சொல்லும்மா.”

மிஷினுக்குத் தெரியத்தான் தெரிந்தது, ஆனால் விவரம் வேண்டும் என்றது. வழக்கமாக எத்தனை முறை மறுப்பார்? எதில் இளகுவார்? எதைச் சொன்னால் கெட்டுப்போகும்? ஆறு வருஷமாகப் பேசாத தம்பிக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது? தப்புத் தப்பாகச் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் ஒரு மனுஷரைப் பற்றிப் பிழையான தகவல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது பாவமில்லையா?

“எதுக்குமே மூணு தடவை வேண்டாம்பார்” என்றேன். “காபிக்கும் அப்படித்தான். மூணாவது தடவை நாம வேற பக்கம் பார்க்கணும், அப்பத்தான் எடுத்துக்குவார். மன்னிப்புன்னு ஆரம்பிச்சா எழுந்து உள்ளே போயிடுவார். சர்வேயரா இருந்தவரில்ல, குளத்தை அளந்த கதையைக் கேட்டா ஒரு மணி நேரம் பேசுவார்.”

“சூப்பர் நீலாக்கா” என்று சொல்லி எல்லாவற்றையும் தட்டிக்கொண்டாள் ஜெசிந்தா. மீதிக் கேள்விகளும் ஓடி, நூற்றுப் பதினெட்டும் முடிந்தது. செண்பகம் எல்லோருக்கும் கேசரி கொடுத்தாள்.

மறுநாளே வேலை ஆரம்பித்துவிட்டது. முதல் நடைக்குத் தம்பி போகக் கூடாது என்று மிஷின் சொல்லிவிட்டது. ஜெசிந்தாவின் ஆள் ஒருவர் வேட்டி கட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு போய், குளம் அளந்த கதையை முழுசாகக் கேட்டுவிட்டு அழைத்தார். திருஞானம் வேண்டாம் என்றார். சிதம்பரநாதன் வீட்டுச் சுவர்த்திரையில் பச்சை விழுந்தது: ‘மறுப்பு ஒன்று. எதிர்பார்த்தபடி முடிந்தது.’ இரண்டாம் நடை கல்யாணப் பெண் ஆதிரை. அவளிடமும் வேண்டாம் என்றார், ஆனால் சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். பச்சை.

மூன்றாம் நடை புதன்கிழமை ஐந்து பத்திலிருந்து ஐந்து முப்பத்தைந்து வரை. சிதம்பரநாதனும் செண்பகமும் போனார்கள். தாம்பாளம் பிடிக்க ஆள் வேண்டாமா, நானும் போனேன்.

எல்லாம் படிவத்தில் இருந்தபடியே நடந்தது. பெரியவர் ஒரு தடவை வேண்டாம் என்றார். மறுபடியும் வேண்டாம் என்றார். மூன்றாம் தடவை சொன்னபோது நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தாற்போல ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தைப் பார்த்தோம்.

“சரி. குழந்தைக்காக வர்றேன்” என்றார் திருஞானம்.

சிதம்பரநாதனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் படிவத்தில் யாரும் எழுதியிருக்கவில்லை. அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “அண்ணா, அன்னிக்கு நான்...” என்று வாயைத் திறந்தார். போன் அதிர்ந்தது. ஐந்து முப்பத்தைந்து. அடுத்தது தையல்காரர். ஆறு வருஷப் பேச்சை அப்படியே விழுங்கிக்கொண்டு, “தையல்காரர் காத்திருக்கார்ண்ணா, வர்றேன்” என்று எழுந்துவிட்டார்.

சம்மதித்த உறவுக்காரரைக் குழுவில் சேர்க்க வேண்டும், அது முறை. ஜெசிந்தா டேப்லெட்டை நீட்டி, “பெரியப்பாவுக்கு விருந்தினர் அனுமதி போதும் சார். அவர் வேலை மட்டும் அவருக்குத் தெரியும்” என்றாள்.

சிதம்பரநாதனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “குடும்பத்துல மூத்தவரும்மா. பூக்காரனுக்கும் அவருக்கும் ஒரே அனுமதியா? எனக்கு என்னென்ன தெரியுதோ அத்தனையும் அவருக்கும் தெரியணும். அதுதான் மரியாதை.”

“எல்லாமேவா சார்?”

“எல்லாமே.”

போட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஏழு பேர் வேலையில் யாருக்கு யோசிக்க நேரம்? எனக்கும்தான் உறைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை என் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் திருஞானம். கையில் போன். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“நீலாம்மா, குளம் அளந்த கதையைக் கேட்டா நான் ஒரு மணி நேரம் பேசுவேன்னு நீங்கதான் சொன்னீங்களா?”

கேட்டதை விட்டுவிட்டுப் பேச்சைக் காபிக்குத் திருப்பினேன். அபூர்வம். “உள்ள வாங்கண்ணே, காபி...”

“வேண்டாம். எத்தனையாவது வேண்டாம்னு எண்ணிக்குங்க, ஒண்ணு.” போனை என் பக்கம் திருப்பினார். ‘பணி எழுபத்து நாலு. பெரியப்பா கோபம். தேவைப்படும் நேரம்: மூன்று நடை. இறுதி நடை இருபத்தைந்து நிமிடம். மறுப்பு ஒன்று, எதிர்பார்த்தபடி. மறுப்பு இரண்டு, எதிர்பார்த்தபடி. சம்மதம். முடிந்தது.’ அதற்குக் கீழே, தகவல் தந்தவர் என்று என் பெயர், கதவு எண்ணோடு.

“உங்க நல்லதுக்குத்தான்...”

“கோவமில்ல, கேளுங்க. ஆதிரைகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டு அன்னிக்கு நான் தூங்கலை. நல்லா யோசிச்சுத்தான் சொன்னேன். இங்க பார்த்தா அது ‘எதிர்பார்த்தபடி’யாம்.” சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. “குளத்தை அளந்தவன் நான். என்னை அளந்துட்டாங்களேம்மா.”

போய்விட்டார். அடுத்த கால் மணியில் இரண்டாவது மாடியில் கூக்குரல். திரையில் எழுபத்து நாலு பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியிருந்தது. ‘உறவினர் தன் சம்மதத்தைத் திரும்பப் பெற்றார்.’ அவரேதான் மாற்றியிருந்தார். முழு அனுமதி உள்ளவர் அல்லவா?

ஜெசிந்தா ஓடி வந்தாள். “மறுபடி மூணு நடை நடக்கணும் சார். கல்யாணம் ஞாயித்துக்கிழமை. இடமே இல்ல.” அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் இன்னொரு வரி வந்தது. ‘பெரியப்பா: மாற்று ஏற்பாடு. உறுதி செய்யப்பட்டது.’ பளிச்சென்று பச்சை.

“இது என்ன?” என்றார் சிதம்பரநாதன்.

ஜெசிந்தா டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தாள். “நூத்திப் பன்னெண்டாவது கேள்வி சார். வர முடியாத உறவினருக்கு மாற்று ஆள் வேணுமான்னு கேட்டுச்சு. நீங்க ஆமான்னீங்க. வெளிநாட்டு அத்தைக்காக எல்லாரும் ஆமான்னுதான் போடுவாங்க. ரிட்டயர் ஆன பெரியவங்க நிறைய பேர் எங்ககிட்ட பதிஞ்சிருக்காங்க. நல்லா இருப்பாங்க சார், பந்தியில அதட்டுவாங்க, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பாங்க...”

“அண்ணனுக்கு மாற்றா? அவர் என்ன ட்யூப்லைட்டா, எரியலைன்னா கழட்டி வேற மாட்ட? ரத்து பண்ணு.”

“நாலு நாளைக்கு முன்னாடி சொன்னாத்தான் சார் ரத்து பண்ண முடியும்.”

சிதம்பரநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நடை கணக்கு, நேரக் கணக்கு எதுவும் இல்லாமல், போனை மேஜையிலேயே போட்டுவிட்டுப் போனார். நாலு தெரு தள்ளி அண்ணன் வீட்டில் பூட்டுத் தொங்கியது. மாலையில் போனார், பூட்டு. வெள்ளிக்கிழமை காலையிலும் பூட்டு. பக்கத்து வீட்டில், “ரெண்டு நாளா எங்கேயோ போயிட்டுப் போயிட்டு வர்றார்” என்றார்கள். தன் முகத்தில் விழிக்கக் கூடாதென்றே அண்ணன் வெளியே சுற்றுகிறார் என்று புரிந்துகொண்டு திரும்பி வந்தவர், சாப்பிடவில்லை. செண்பகம் தட்டை மூடி அவர் முன்னாலேயே வைத்துவிட்டுப் போனாள். அதுவே அவருக்கு இன்னும் சாப்பாடு இறங்காமல் பண்ணியது.

மற்றதெல்லாம் பச்சை. மண்டபம், மேளம், இலை எல்லாம் சரி. ஒரு வீடு மொத்தமும் பச்சையாக இருக்கும்போது ஒரு மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் திரையில் அது எங்கேயும் வருவதில்லை.

சனிக்கிழமை மாலை மாப்பிள்ளை அழைப்பு. மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நான் நின்றிருந்தேன். சரியாக ஐந்தே முக்காலுக்கு ஓட்டுநரில்லா ஆட்டோ ஒன்று வந்து நின்றது. மாற்றுப் பெரியப்பா இறங்கினார். பட்டு வேட்டி, மடிப்புக் கலையாத அங்கவஸ்திரம், சட்டையில் கம்பெனி வில்லை: ‘பெரியப்பா’.

திருஞானம்.

செம்பை நழுவ விட்டேன். சிதம்பரநாதன் படியிலேயே நின்றுவிட்டார்.

“அண்ணா...”

“உங்க அண்ணன் வரலை சார். அவர் கோவத்துல இருக்கார்” என்றார் திருஞானம், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. “நான் வேலைக்கு வந்திருக்கேன். மாப்பிள்ளை வீட்டார் எத்தனை மணிக்கு வர்றாங்க? வரவேற்பு மேஜையில சந்தனமே இல்ல, யார் பொறுப்பு?”

நான் ஜெசிந்தாவை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். “என்னடி இது?”

அவள் டேப்லெட்டைப் புரட்டினாள். “முழு அனுமதியில நூத்திப் பன்னெண்டைப் பார்த்துட்டு, வியாழக்கிழமைதான் பதிஞ்சிருக்கார் நீலாக்கா. ரெண்டு நாள் பயிற்சிக்கு வேற வந்திருக்கார். மிஷின் பார்த்திருக்கு. வயசு பொருத்தம், ஊர் பொருத்தம், குலதெய்வம்கூடப் பொருத்தம், பொண்ணோட அப்பாவுக்கும் அவருக்கும் முகச்சாயல் தொண்ணூத்தாறு சதம். இப்படி ஒரு ஆள் அதுக்குக் கிடைச்சதே இல்ல. முதல்ல உறுதி பண்ணினவரைக்கூட மாத்திட்டு இவரைப் போட்டுடுச்சு.”

“கோவிச்சுக்கிட்ட ஆளே இவர்தான்னு அதுக்குத் தெரியாதா?”

“அது எழுபத்து நாலு, இது நூத்திப் பன்னெண்டு. வேற வேற பிரிவு அக்கா. ஒண்ணோட ஒண்ணு பேசிக்காது.”

“நல்ல குடும்பம்” என்றேன்.

சொல்லக் கூடாது, ஆனால் அப்படியொரு பெரியப்பாவை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. சம்பந்தி வீட்டு மாமா ஒருவர் காபி ஆறிவிட்டதென்று முகத்தைத் தூக்கியதும், மிஷின் ஆள் அனுப்புவதற்குள் இவர் போய் உட்கார்ந்து குளம் அளந்த கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டார். பந்தியில், “ஏம்ப்பா, அந்த இலைக்கு அப்பளம் எங்க?” என்று அவர் போட்ட அதட்டலில் மூன்று இலைக்கு அப்பளம் வந்தது. ஆதிரை தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து, “பெரியப்பா...” என்றாள்.

“சொல்லும்மா. அப்படிக் கூப்பிடத்தானே என்னைப் போட்டிருக்காங்க” என்றவர், சட்டென்று திரும்பி ஜமுக்காளத்தைச் சரி செய்யப் போய்விட்டார்.

மறுநாள் முகூர்த்தம். தாரை வார்க்கும்போது சிதம்பரநாதன் கை நடுங்கியது. தண்ணீர் பாதி வெளியே போனது. பின்னால் நின்ற மாற்றுப் பெரியப்பா குனிந்து தம்பியின் முழங்கையைக் கீழேயிருந்து தாங்கிப் பிடித்தார். மந்திரம் முடிந்து, தாலி கட்டி, அட்சதை விழுந்து ஓயும் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

“இது வேலைப் பட்டியல்ல இருக்கா?” என்று ஜெசிந்தாவின் காதில் கேட்டேன்.

தேடினாள். மேலும் கீழும் நகர்த்தித் தேடினாள். “இல்லக்கா” என்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

கல்யாணம் முடிந்து, பெண் புறப்பட்டு, வாழைமரம் அவிழ்த்து, எல்லாம் ஆயிற்று. கடைசியாகச் சிதம்பரநாதனுக்கு முடிவுப் படிவம் போனது. இரண்டு கேள்வி. சாப்பாடு எப்படி? பிரமாதம். மாற்று உறவினரின் பணி நிறைவடைந்தது என்று உறுதி செய்கிறீர்களா?

அவர் உறுதி செய்யவில்லை.

உறுதி செய்யாத வேலை ‘ஏற்பாட்டில்’ நடந்துகொண்டிருக்கும் வேலை. ஆகவே திங்கட்கிழமை காலை திருஞானத்துக்குச் செய்தி போனது: ‘உங்கள் பணி தொடர்கிறது.’ எட்டு மணிக்கு வில்லையைக் குத்திக்கொண்டு எங்கள் லிஃப்டில் ஏறினார். செவ்வாய்க்கிழமை ஏறினார். புதன்கிழமை ஏறும்போது பையில் வெண்டைக்காய் இருந்தது. என்னைப் பார்த்து, “எடுத்த வேலையைப் பாதியில விடறவன் இல்ல நான்” என்றார், நான் எதுவும் கேட்காமலே.

மூன்று வாரம் ஓடிற்று. மாதக் கடைசியில் ஜெசிந்தா மூச்சு வாங்க என் வீட்டுக்கு வந்தாள். “நாப்பத்திரண்டு கல்யாணம் பச்சை நீலாக்கா, இது ஒண்ணுதான் இழுக்குது. நீங்க வந்து சொல்லுங்க, கேப்பார்.”

போனோம். கதவு திறந்தே இருந்தது. உள்ளே அண்ணனும் தம்பியும் ஒரு பேப்பரை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு, ஃபேன் இரண்டில் ஓட வேண்டுமா மூன்றிலா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். செண்பகம் இருவரையும் மதிக்காமல் ஐந்தில் வைத்துவிட்டுப் போனாள்.

“சார், அந்த ஒரு கேள்வி...” என்றாள் ஜெசிந்தா.

“எந்தக் கேள்வி? எனக்கு வரவே இல்லையேம்மா” என்றார் சிதம்பரநாதன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

“பதினோரு தடவை வந்திருக்கு சார். சரி, முடிக்க வேண்டாம், நீட்டிக்கவாவது செய்யுங்க. ஆனா காரணம் கேக்குது. கட்டாயம் எழுதணும்.”

சிதம்பரநாதன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வில்லையைச் சரி செய்துகொண்டார்.

“அவங்க அண்ணனுக்குக் கோவம் இன்னும் தீரலைன்னு போடும்மா” என்றார் திருஞானம். “அது தீர்ற வரைக்கும் ஒரு ஆள் வேணுமில்ல.”

ஜெசிந்தா தட்டினாள். “எத்தனை நாள்னு கேக்குது சார்.”

சிதம்பரநாதன் கையை நீட்டி டேப்லெட்டை வாங்கி, தானே எதையோ அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுவிட்டார். இவ்வளவு காலப் பழக்கத்தில் என்னிடம் யாரும் அப்படிச் செய்ததில்லை.

திருப்பி வாங்கிப் பார்த்த ஜெசிந்தா அதைச் சட்டென்று மூடிவிட்டாள். லிஃப்டில் இறங்கும்போது என்னால் பொறுக்க முடியவில்லை.

“எத்தனை நாள்டி போட்டிருக்கார்?”

“கட்டம் கொள்ற வரைக்கும் ஒன்பது ஒன்பதாப் போட்டிருக்கார் நீலாக்கா” என்றாள். “மிஷின் ஏத்துக்கிச்சு.”